மாதா படம் ஓடும்... இயேசு படம் ஓடுமா?

ஆகஸ்ட் பிற்பாதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டியதுதான். சாலையோரம் முழுக்கக் காவி வேட்டி, காவிச் சேலை. சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிற கூட்டம். நாலைந்து பேர் தள்ளிக்கொண்டு வரும் சக்கர வண்டியில் சின்னதாக ஒரு சப்பரம். உள்ளே ஜரிகை அங்கியில் மாதா, கழுத்தில் வாடத் தொடங்கிய மாலை, சுற்றிலும் பேட்டரியில் எரிகிற சீரியல் லைட். பின்னால் வரும் பெண்களில் சிலருக்குப் பாதத்தில் துணிக்கட்டு. ரோட்டோரப் பந்தலில் அவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுக்கிறவர் நெற்றியில் திருநீறு. சாலையை ஒட்டிய உப்பளத்தில் வாரிக் குவித்த உப்பு, கீற்று மூடி அம்பாரமாக நிற்கிறது. வண்டியில் கட்டிய ஸ்பீக்கரில் ஜெபமாலைக்கும் பஜனைக்கும் நடுவே ஒரு சினிமாப் பாட்டும் வருகிறது. 1971-ல் வந்த 'அன்னை வேளாங்கண்ணி' படத்துப் பாட்டு.

படம் வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாட்டு இன்னும் நடந்து போய்க்கொண்டிருக்கிறது.

இந்தக் கூட்டத்தைப் பார்க்கும் எந்தச் சினிமா வியாபாரிக்கும் மனசுக்குள் கால்குலேட்டர் ஓடும். இத்தனை பேர் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலோடு நடக்கத் தயாராக இருக்கும்போது, மூன்று மணி நேரம் ஏசி தியேட்டரில் உட்கார மாட்டார்களா? கன்னடத்தில் 2022-ல் வந்த 'காந்தாரா' பதினாறு கோடி ரூபாய் செலவில் எடுக்கப்பட்டு நானூறு கோடி வரை வசூலித்ததாக வியாபார வட்டாரம் சொல்கிறது. 2025-ல் 'மகாவதார் நரசிம்மா' என்ற அனிமேஷன் படம், ஒரு ஸ்டார்கூட இல்லாமல், முந்நூறு கோடியைத் தாண்டியது. அமெரிக்காவில் அதே வருஷம் ஏப்ரலில் வந்த 'தி கிங் ஆஃப் கிங்ஸ்' என்ற இயேசு அனிமேஷன் படம் முதல் மூன்று நாளிலேயே ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் டாலரை அள்ளியது. பக்திக்கு உலகம் முழுக்க நல்ல காலம். அப்படியிருக்க, தமிழில் ஒரு விவிலியப் படம், ஒரு கிறிஸ்தவ பக்திப் படம் ஏன் இந்த அலையில் ஏறவில்லை? ஏறினால் ஓடுமா?

ஓடும். ஆனால் அது கிறிஸ்தவப் படமாக இருந்தால் ஓடாது. சாமி படமாக இருந்தால்தான் ஓடும். நூற்றிருபது வருஷத் தமிழ் சினிமா வியாபாரம் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு இது.

டெண்ட்டில் தொடங்கிய கதை

தென்னிந்தியாவில் சினிமா வியாபாரமே ஒரு இயேசு படத்தில்தான் தொடங்கியது என்பது பலருக்கு மறந்துபோன விஷயம். 1905-ல் திருச்சி ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்து உடம்பு முடியாமல் போன டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் சில துண்டுப் படங்களையும் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கினார். மாதம் இருபத்தைந்து ரூபாய் சம்பளக்காரருக்கு அது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சரக்கில் முக்கியமானது இயேசுவின் வாழ்க்கைப் படம். வேலையை விட்டுவிட்டு டெண்ட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். தமிழ்நாட்டைத் தாண்டி வடக்கே, பர்மா வரை போனார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார்.

பம்பாயில் தாதாசாகேப் பால்கேயும் இயேசுவின் வாழ்க்கைப் படம் ஒன்றைப் பார்த்துத்தான் சினிமாப் பித்துப் பிடித்தவர். திரையில் இயேசு நகர, அவர் மனசில் கிருஷ்ணனும் ராமனும் நகர்ந்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். விளைவு 1913-ன் 'ராஜா ஹரிச்சந்திரா'. இந்திய சினிமாவின் ஆரம்பத்திலேயே இயேசு வந்துவிட்டார். ஆனால் வந்தவர் வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

சாமிக்கண்ணு விஷயத்திலும் அதுதான் நடந்தது. பேசும் படம் வந்த பிறகு இந்தக் கத்தோலிக்கர் படத் தயாரிப்பில் இறங்கியபோது எடுத்தது என்ன தெரியுமா? 1933-ல் வந்த 'வள்ளி திருமணம்'. டி.பி.ராஜலட்சுமி வள்ளியாக நடித்து நல்ல வசூல் பார்த்த படம். ஏசு படம் போட்டு வாழ்க்கையைத் தொடங்கியவர், முருகன் படத்தில் காசு பார்த்தார். அவருக்கு ரசிகர்களைத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்து நாடக மேடையிலும் இந்தக் கலப்பு சாதாரணம். நவாப் ராஜமாணிக்கம் பிள்ளை தீவிர ஐயப்ப பக்தர். 'சுவாமி ஐயப்பன்' நாடகம் போட்டுத் தமிழ்நாட்டில் சபரிமலை யாத்திரையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். அதே கம்பெனி 'இயேசுநாதர்' நாடகத்தையும் போட்டது. டிக்கெட் வாங்கியவர்கள் என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை.

வாசனையே தோற்கடித்த மாதா

தமிழ் சினிமாவில் கிறிஸ்தவக் கதையின் பெரிய வெற்றி என்றால் 1948-ன் 'ஞானசௌந்தரி'. சிட்டாடல் கம்பெனிக்காக ஜோசப் தளியத் தயாரித்தார். இயக்கியவர் எஃப்.நாகூர். இசை எஸ்.வி.வெங்கட்ராமன். எம்.வி.ராஜம்மா ஞானசௌந்தரி, டி.ஆர்.மகாலிங்கம் கதாநாயகன். சிற்றன்னையின் சூழ்ச்சியால் கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட பெண்ணுக்கு மாதா அருளால் கைகள் திரும்ப வருகிற கதை. விவிலியத்தில் இது கிடையாது; ஐரோப்பிய நாட்டுப்புறக் கதை ஒன்று மிஷன்களோடு வந்து நம்மூர் நாடகக் கொட்டகையில் ஊறிப்போனது. மாற்றாந்தாய் கொடுமை, காடு, பிரிவு, கண்ணீர், தெய்வத்தின் கருணை. 'நல்லதங்காள்' பார்த்து அழுத கூட்டத்துக்கு இது அந்நியமே இல்லை. கொட்டகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாதவர்கள்தான்.

அதே வருஷம் ஏப்ரலில் 'சந்திரலேகா'வை வெளியிட்டு இந்தியாவையே திரும்பிப் பார்க்க வைத்தார் ஜெமினி எஸ்.எஸ்.வாசன். அவரும் ஒரு 'ஞானசௌந்தரி' எடுத்துக்கொண்டிருந்தார். முந்திக்கொண்டது சிட்டாடல் படம். பின்னால் வந்த ஜெமினி படத்தை ஜனங்கள் சீண்டவில்லை. வாசன் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். முரசு மீது நூற்றுக்கணக்கான பேரை ஆட வைத்த மனிதர், அதே வருஷத்தில் ஒரு மாதா கதையில் தோற்றார். பக்திப் படத்துக்குப் பிரம்மாண்டம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பிறகு 'அன்னை வேளாங்கண்ணி'. டான்ஸ் மாஸ்டர் கே.தங்கப்பன் இயக்கம், ஜி.தேவராஜன் இசை, ஜெமினி கணேசன், பத்மினி, ஜெயலலிதா நடிப்பு. ரிலீஸ் தேதியைப் பாருங்கள்: 1971 ஆகஸ்ட் 15. சுதந்திர தின விடுமுறை. கத்தோலிக்கர்களுக்கு மாதா விண்ணேற்பு விழா. இன்னும் இரண்டு வாரத்தில், ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடியேற்றம். செப்டம்பர் 8-ல் பெருவிழா. நடந்து போகிறவர்கள் மூட்டை கட்டும் நேரத்தில் படம் கொட்டகைக்கு வந்தது. தேதி குறித்தவர் தொழில் தெரிந்தவர்.

அதே 1971-ல் கே.எஸ்.கோபாலகிருஷ்ணனின் 'ஆதிபராசக்தி'யும் வந்தது; அதில் பராசக்தியே ஜெயலலிதாதான். ஒரே வருஷம், ஒரே நடிகை, ஒரு பக்கம் அம்மன், இன்னொரு பக்கம் மாதா. பார்த்த கூட்டமும் பெரும்பாலும் ஒன்றேதான். மொட்டை, மெழுகுவர்த்தி, தொட்டில் கட்டுவது, வெள்ளியில் கண் காது செய்து போடுவது என்று வேளாங்கண்ணியில் நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்களின் பட்டியலை எடுத்தால் அதில் கிறிஸ்தவர் அல்லாதவர்கள் எத்தனை பேர் என்பது அந்த ஊரில் ஒரு நாள் இருந்தாலே தெரிந்துவிடும். மரக்காணத்திலிருந்து வடமேற்கே போனால் மேல்மருவத்தூர். அங்கே செவ்வாடைக் கூட்டம். அதற்கும் 1986-ல் 'மேல்மருவத்தூர் அற்புதங்கள்' என்று படம் வந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் சிவப்பு, ஈ.சி.ஆரில் காவி. கேட்பது இருவருமே குழந்தை வரம், நோய் தீர, கடன் அடைய.

இலவசமாகக் கிடைப்பதற்கு டிக்கெட் எதற்கு?

மாதா ஓடுகிறார், சரி. இயேசு?

இங்கேதான் விவகாரம். நேரடி இயேசு படங்களில் தென்னிந்தியாவில் மிகப் பெரியது தெலுங்கில் 1978 டிசம்பரில் வந்த 'கருணாமயுடு'. இயேசுவாக நடித்த விஜயசந்தரே அதற்காக வருஷக்கணக்கில் பணத்துக்கு அலைந்தார். இயக்கியவர் நம்ம 'பாசமலர்', 'பாவமன்னிப்பு' ஏ.பீம்சிங். படம் வெளியாவதற்கு முன்பே, அந்த வருஷம் ஜனவரியில் அவர் காலமாகிவிட்டார். கிறிஸ்டோபர் கொயெல்லோ என்ற பிரான்சிஸ்கன் பாதிரியாரும் இயக்கத்தில் பங்கெடுத்தவர். புராணப் படம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஏற்ற மாதிரி பாட்டு, கண்ணீர், அற்புதம் எல்லாம் வைத்து எடுத்த படம். தமிழ் உள்பட பல மொழிகளுக்கு டப்பிங் போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். மிஷனரி அமைப்புகள் இந்தப் படத்தின் பிரதிகளைக் கையில் எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போயின. ஜீப்பில் 16 எம்.எம். புரொஜெக்டர், ஜெனரேட்டர், இரண்டு கம்புக்கு நடுவே வெள்ளைத் துணி. அடுத்த வருஷமே அமெரிக்காவிலிருந்து 'ஜீசஸ்' படம் வந்தது. கேம்பஸ் குருசேட் அமைப்பு அதை ஊழியத்துக்காகவே பயன்படுத்தி, இன்றைக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் குரல் மாற்றிக் காட்டுகிறது. உலகிலேயே அதிக மொழிகளில் பெயர்க்கப்பட்ட படம் அது. தமிழும் அதில் உண்டு. டிக்கெட் கிடையாது. இடைவேளையில் முறுக்கு விற்கிறவர் மட்டும் நாலு காசு பார்ப்பார்.

அதனால் தமிழ்நாட்டுக் கிராமத்தில் இயேசு படம் என்பது இலவசமாகக் கிடைக்கிற ஒன்றாகப் பழகிவிட்டது. தவக்காலத்தில் கத்தோலிக்க ஊர்களில் விடிய விடியப் பாஸ்கு நாடகம். அதற்கும் காசு கிடையாது. புனித வெள்ளியன்று டிவியைப் போட்டால் ஏதாவது ஒரு சேனலில் சிலுவைப் பாதை. இப்போது செல்போனில் முழுப் படமும். நாற்பது வருஷமாகச் சும்மா கொடுத்த சரக்கை ஒருநாள் திடீரென்று நூற்றிருபது ரூபாய் என்றால் யார் வாங்குவார்கள்?

இன்னொரு முடிச்சு இதைவிடப் பெரியது. கிறிஸ்தவப் படத்துக்கு இயல்பான சீசன் என்று அமெரிக்காக்காரர்கள் கருதுவது ஈஸ்டரை ஒட்டிய வாரங்கள். நம்மூரில் அது தவக்காலம். கறி மீனை விட்டு, பூச்சூடுவதைக்கூட விட்டு, சினிமாவையும் விட்டுவிடுகிற நாற்பது நாள். கத்தோலிக்கரின் கதை இது என்றால், பெந்தெகொஸ்தே சபைக்காரர்களில் பலருக்கு வருஷம் முழுக்கவே தியேட்டர் பாவம். கிறிஸ்தவப் படத்தின் உறுதியான வாடிக்கையாளர் யாரோ அவர்தான் தியேட்டர் வாசலை மிதிக்கக் கூடாது என்று போதிக்கப்பட்டவர். இப்படி ஒரு மார்க்கெட்டை நான் வேறெந்தச் சரக்கிலும் பார்த்ததில்லை.

கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 44 லட்சம் பேர், அதாவது 6.12 சதவீதம். பச்சைக் குழந்தையிலிருந்து படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டி வரை சேர்த்த எண்ணிக்கை. பத்தில் ஒருவர் படத்துக்கு வந்துவிட்டார் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தலைக்கு 120 ரூபாய் டிக்கெட் என்றால் மொத்த வசூல் ஐந்தேகால் கோடி. ஜி.எஸ்.டி., உள்ளாட்சி வரி போய், தியேட்டருக்குப் பாதி போய், தயாரிப்பாளர் கைக்கு வருவது இரண்டு கோடிக்குச் சற்று மேலே. விநியோகஸ்தர் கமிஷன், போஸ்டர், விளம்பரச் செலவையும் அதில்தான் கழிக்க வேண்டும். இரண்டு கோடியில் எருசலேமுக்கு செட் போட முடியாது. ரோமப் போர்வீரர்களுக்கு ஒழுங்கான தலைக்கவசம் செய்ய முடியாது. கிறிஸ்தவர்களை மட்டும் நம்பிப் படம் எடுத்தால் தமிழில் கணக்கு இடிக்கிற இடம் இது.

அளத்துக் காலண்டர்

சினிமா விநியோக பாஷையில் மரக்காணம் என்.எஸ்.சி. ஏரியா. வடஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு மூன்றையும் சேர்த்த பழைய பிரிவு. மாவட்டங்கள் எத்தனை துண்டானாலும் வியாபாரத்தில் இந்தப் பெயர் மாறவில்லை. ஒரு கிறிஸ்தவப் படம் என்றதும் வியாபாரிகள் முதலில் விலை பேசப் போவது டி.கே. ஏரியாவுக்கு, அதாவது திருநெல்வேலி, கன்னியாகுமரிக்கு. குமரி மாவட்டத்தில் கிட்டத்தட்ட பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். தூத்துக்குடிக் கரையில் ஊருக்கு ஊர் கோபுரம் வைத்த தேவாலயம். அடுத்தது வேளாங்கண்ணி அடங்கிய திருச்சி, தஞ்சாவூர், அதாவது டி.டி. ஏரியா. என்.எஸ்.சி.யைக் கடைசியில் பேசுவார்கள்.

ஆனால் படம் சூப்பர் ஹிட்டா சுமாரா என்பதை முடிவு செய்வது என்.எஸ்.சி. மாதிரிப் பெரிய ஏரியாதான். மரக்காணம் கரையின் மீனவக் குப்பங்களில் மாரியம்மனும் கங்கையம்மனும்தான் அதிகம். சினிமா என்றால் பைக்கை எடுத்துக்கொண்டு திண்டிவனமோ புதுச்சேரியோ போகிற இளைஞர்கள். இவர்களைத் தியேட்டருக்கு இழுக்க முடிந்தால் படம் தேறும். முடியாவிட்டால் தூத்துக்குடியில் பத்து நாள் ஓடி நின்றுவிடும்.

இந்த ஊரில் காசு புழங்குவதும் ஒரு காலக்கணக்கில்தான். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிற உப்பளம். பொங்கல் கழிந்ததும் பாத்தி திருத்தத் தொடங்குவார்கள். மாசி பங்குனியில் உப்பு விளையத் தொடங்கி, சித்திரை வைகாசி வெயிலில் உச்சத்துக்குப் போகும். விடிவதற்கு முன்பே அளத்தில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்கிற வேலை. ஐப்பசி மழை இறங்கியதும் எல்லாம் தண்ணீருக்கடியில். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது அளம் எது, கழுவேலி ஏரி எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் கிடந்தது. மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியதே, அந்த மாதங்களில் கையில் காசு இல்லை என்பதால்தான்.

கிறிஸ்துமஸ் விழுவது சரியாக இந்த வறண்ட கையின் காலத்தில். ஈஸ்டர் விழுவது உப்புக் காசு கைக்கு வரத் தொடங்குகிற நேரம், ஆனால் அது தவக்காலமும் பொதுத்தேர்வுக் காலமும். எஞ்சியது மே மாதமும் ஆகஸ்டும். 1971-ல் தேதி குறித்தவர்கள் எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாமலே இதைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

இந்தக் கணக்குக்கு மறுபக்கம் 'கடல்'. மணிரத்னம் படம், ஜெயமோகன் எழுத்து, ஏ.ஆர்.ரஹ்மான் இசை; பாதிரியாராக அரவிந்த்சாமி, சாத்தானின் பக்கம் அர்ஜுன்; தூத்துக்குடி மணப்பாடு கரையில் படப்பிடிப்பு. பாவம், மன்னிப்பு, மீட்பு என்று விவிலியத்தின் எலும்புக்கூட்டையே கதையாக வைத்த படம். தமிழில் பெரிய பட்ஜெட்டில் கிறிஸ்தவ இறையியலை இத்தனை நேரடியாகத் தொட்ட படம் வேறு நினைவுக்கு வரவில்லை. 2013 பிப்ரவரி 1-ல் வந்தது. பாட்டெல்லாம் ஹிட். படம் படுத்துவிட்டது; நஷ்டஈடு கேட்டு விநியோகஸ்தர்கள் கிளம்பினார்கள். ரிலீஸாகிப் பன்னிரண்டாம் நாள் சாம்பல் புதன், தவக்காலத் தொடக்கம். அதுவே தோல்விக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். முதல் வார இறுதியிலேயே முடிவு தெரிந்துவிட்டது. 'கடல்' ஒரு மனிதனின் உள்ளே நடக்கிற போராட்டத்தைக் காட்டியது. அதில் அற்புதம் இல்லை. நேர்ந்துகொள்ள ஒரு மாதா இல்லை. சாமி படமாகவும் இல்லாமல், மணிரத்னம் படமாகவும் இல்லாமல் நடுவில் நின்றது. எனக்கு அந்தப் படத்தின் முதல் அரைமணி நேரம் மிகவும் பிடிக்கும். என்னை நம்பி யாரும் ஏரியா வாங்கவில்லை.

தடுக்கத் தெரியும், கூட்டத் தெரியாது

தமிழ்நாட்டுத் திருச்சபைகளுக்குச் சினிமாவில் செல்வாக்கு இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2006-ல் 'தி டா வின்சி கோட்' வந்தபோது எதிர்ப்புக் கிளம்பி, மாநில அரசு அந்தப் படத்துக்குத் தடை போட்டது. தணிக்கைக் குழு அனுமதித்த படத்தைத் தடுக்க முடியாது என்று அந்த ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தடையை ரத்து செய்தார். ஒரு படத்தை நிறுத்த ஒன்று சேர்ந்த கைகள் ஒரு படத்தை ஓட வைக்க ஒன்று சேர்ந்ததாக நினைவில்லை.

அமெரிக்காவில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். 2004-ல் மெல் கிப்சன் 'தி பேஷன் ஆஃப் த கிறைஸ்ட்' எடுத்தபோது பெரிய ஸ்டுடியோக்கள் ஒதுங்கின. அராமேயமும் லத்தீனும் எபிரேயமும் பேசுகிற படம், ஸ்டார் கிடையாது, ரத்தம் மட்டும் தாராளம். கிப்சன் முன்கூட்டியே பாஸ்டர்களைக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினார். சபைகள் தியேட்டரை மொத்தமாகப் பிடித்தன. மூன்று கோடி டாலர் செலவு. உலக வசூல் அறுபத்தோரு கோடி டாலருக்கு மேல். அதற்குப் பிறகு ஹாலிவுட் தானே களத்தில் இறங்கி 2014-ல் 'நோவா', 'எக்ஸோடஸ்' என்று பத்துக் கோடி டாலருக்கு மேல் கொட்டிப் படம் எடுத்தது. வசூல் வந்தது, ஆனால் செலவோடு ஒப்பிட்டால் உற்சாகப்பட ஒன்றுமில்லை, விசுவாசிகள் முகம் சுளித்தார்கள். இன்றைக்கு ஏஞ்சல் ஸ்டுடியோஸ் மாதிரி நிறுவனங்கள் அந்தக் கூட்டத்தை நேரடியாகப் பிடித்து, ஒருவர் இன்னொருவருக்காக டிக்கெட் வாங்கிவைக்கிற ஏற்பாடு வரை கொண்டுவந்துவிட்டன.

இது இங்கே நடக்குமா? பங்குச் சாமியார் ஞாயிறு பூசை முடிவில் அறிவிப்பு வாசித்தால் ஒரு பஸ் நிறையும், அவ்வளவுதான். கத்தோலிக்கர் மாதா படம் என்றால் வருவார்கள், சி.எஸ்.ஐ.காரர் யோசிப்பார், பெந்தெகொஸ்தேக்காரர் மாதா என்ற சொல்லிலேயே திரும்பிப் போய்விடுவார். இயேசு படம் என்றால் மூவரும் தலையாட்டுவார்கள், ஆனால் வெளிக் கூட்டம் வராது. மாதா படம் என்றால் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதி போகும், வெளிக் கூட்டம் வரும். வியாபாரி எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம்.

அதனால், யாராவது தமிழில் துணிந்து இறங்குவதாக இருந்தால், வேளாங்கண்ணியையே திரும்ப எடுக்கலாம். பால் கொண்டுபோன சிறுவன், நடக்க முடியாத மோர்க்காரப் பையன், புயலில் சிக்கிய போர்ச்சுகீசிய மாலுமிகள் என்று மூன்று கதையும் கடற்கரையிலேயே இருக்கின்றன. ரோமும் வேண்டாம் எருசலேமும் வேண்டாம். ஊரும் உப்புக் காற்றும் தென்னந்தோப்பும் போதும். புயல் காட்சிக்கு மட்டும் நல்ல கிராஃபிக்ஸ் கம்பெனியைப் பிடிக்க வேண்டும். அங்கே காசை மிச்சம் பிடித்தால் மீம் போட்டுக் கிழித்துவிடுவார்கள். 'காந்தாரா' ஓடியதற்குக் காரணமும் இதுதானே. கரையோரத்து ஒரு தெய்வம், அந்த மண்ணின் பாஷை, சாமியாட்டம். பூதகோலா என்றால் என்னவென்று தெரியாத திண்டிவனத்துப் பையன் விசிலடித்தான்.

அல்லது தேவசகாயம் பிள்ளை. திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகம், மதமாற்றம், சித்திரவதை, 1752-ல் காற்றாடிமலையில் துப்பாக்கிச் சூடு. 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம். கதையாகப் பார்த்தால் ராஜா, சிறை, வீரம் என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் இன்றைய சூழலில் மதமாற்றத்தை மையமாக வைத்த கதையில் கைவைக்க எந்தப் பெரிய தயாரிப்பாளரும் முன்வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. டி.கே. ஏரியாவில் வீடு கட்டும் அளவுக்கு ஓடும், விழுப்புரம் தாண்டாது.

அடுத்து கண்ணெதிரே வரப்போவது மெல் கிப்சனின் இரண்டாவது ஆட்டம். 'தி ரிசரக்‌ஷன் ஆஃப் த கிறைஸ்ட்' இரண்டு பாகமாக வருவதாக லயன்ஸ்கேட் அறிவித்திருக்கிறது: முதல் பாகம் 2027 மார்ச் 26, புனித வெள்ளி, இரண்டாம் பாகம் மே 6, விண்ணேற்றப் பெருவிழா. சென்னை, கோவை மல்டிபிளெக்ஸ்களில் இரண்டுமே நிறையும், அதில் சந்தேகமில்லை. தமிழில் டப் செய்து கீழே கொண்டுவருவார்களா என்பதுதான் கேள்வி. கொண்டுவந்தால், மார்ச் 26 மோசமான தேதி. பத்தாம் வகுப்புப் பையன் பரீட்சையில் இருப்பான். அம்மா உபவாசத்தில் இருப்பார். அன்றைக்குச் சாயங்காலம் குடும்பமே கோயிலில் சிலுவையை முத்தி செய்ய வரிசையில் நிற்கும். மே 6 நல்ல தேதி. பள்ளிக்கூடம் லீவு, தவக்காலம் முடிந்தாயிற்று, அளத்தில் உப்பு விளைந்து கையில் கூலி இருக்கும்.

நான் விநியோகஸ்தராக இருந்தால் என்.எஸ்.சி. ஏரியாவுக்கு இரண்டாம் பாகத்தை மட்டும் விலை பேசுவேன். முதல் பாகம் பார்க்காதவனுக்குப் படம் எப்படிப் புரியும் என்கிறீர்களா? இந்தக் கதை தெரியாதவர் இங்கே யார் இருக்கிறார்?